சாம்பல்தீவுப் பாலம் வரை சைக்கிளில்: முதல் தடவை போகிறவர்களுக்கு

வருடக்கணக்காகச் சும்மா கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துவிட்டீர்களா? சரி, திருகோணமலை டவுனிலிருந்து உப்புவெளி, அலஸ்தோட்டம் வழியாகச் சாம்பல்தீவுப் பாலம் வரை ஒரு பின்னேரம் போய்த் திரும்புவோம். போய்வர 15 கிலோமீற்றர் அளவில்தான் வரும். நிலாவெளியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே.

முதலில் ரயர். பெருவிரலால் அழுத்தும்போது அமுங்கினால் காற்றடிக்க வேண்டும். அப்புறம் சீட். கால் முழுதாக நிலத்தில் ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் பலர் சீட்டைப் பதித்து வைத்துவிட்டு, உப்புவெளி வருவதற்குள் முழங்கால் நோகிறது என்பார்கள். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை அடிவரை இறக்கி அதன்மேல் குதிக்காலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நின்றால் அதுதான் உங்கள் உயரம். மிதிக்கும்போது மட்டும் பாதத்தின் முன்பக்கத்தால் மிதியுங்கள். பிரேக்கையும் லைற்றையும் ஒருமுறை பாருங்கள், ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள்.

4 மணிக்கு வெளிக்கிடுங்கள். அதற்கு முன்னால் தார் ரோட்டின் சூடு முகத்தில் அடிக்கும்.

அநுராதபுரச் சந்தியில் பஸ், ஓட்டோ எல்லாம் ஒன்றாக முட்டும். பயமாக இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு கடந்து, நிலாவெளி ரோட்டைப் பிடியுங்கள். இனி இடது ஓரம்தான். உப்புவெளியில் இரண்டாம் உலகப் போர்க்கால மயானத்தில் முதல் ஓய்வு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டதைப் பற்றி வீட்டில் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கே கற்களில் உள்ள வயதுகளை வாசித்தால் அந்தக் கதை வேறு மாதிரி இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் காற்று வேலையைக் காட்டும். தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அடிக்கடி பாருங்கள். நீங்கள் போகும் பக்கமே சாய்ந்தால் மிதிப்பது சுகமாக இருக்கும், வரும்போது அத்தனையும் முகத்தில் அடிக்கும். முதல் தடவை காற்று தள்ளிய தள்ளில் பெரிய வீரன் மாதிரி நிலாவெளி வரை மிதித்துவிட்டு, கடைசியில் நானும் சைக்கிளும் ஒரு பட்டா லொறியின் பின்னால் ஏறி வீடு வந்தோம்.

அலஸ்தோட்டத்தில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கைகளில் மணல் சிதறிக் கிடக்கும். அதில் முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள், ஹான்டிலை வெட்டாதீர்கள். மிதிப்பதை விட்டு நேராக உருள விடுங்கள்.

பாலத்துக்கு வந்ததும் சைக்கிளை ஓரம் கட்டுங்கள். வீச்சுவலைக்காரர் யாராவது நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் 'சளக்' என்று விழும், மெல்ல இழுத்தால் நாலு இறாலும் ஒரு கை பாசியும் வரும். அவர் அடுத்த வீச்சுக்கு மடித்துக்கொண்டிருப்பார், உங்களுக்கு அரை மணித்தியாலம் போயிருக்கும். ஐந்தரைக்காவது திரும்பிவிடுங்கள். இருட்டினால் நடு ரோட்டில் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடுகள் கிட்டப் போகும்வரை தெரியாது. வழியில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம், வடை உங்கள் இஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடாதீர்கள். உப்புக்காற்றும் மணலும் சங்கிலியைத் தின்றுவிடும், அதைப் பழந்துணியால் துடைத்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றியபடி நாலு சொட்டு ஓயில் விடுங்கள்.