தூங்கும் முன் ஒரு மழலையர் நிகழ்ச்சி

வேலை முடிந்து வந்து செய்திச் சேனலைப் போட்டால் தலைவலி கூடுகிறதா? குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பெரியவர்கள் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஆனால் எல்லாமே மனதை ஆற்றாது. காட்சிகள் படபடவென்று மாறுவதும், கத்திப் பாடுவதும் இரவுக்கு வேண்டாம். என் முதல் தேர்வு, அமெரிக்காவில் 1968 முதல் 2001 வரை வந்த ‘மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்’. ஃபிரெட் ராஜர்ஸ் பாடிக்கொண்டே வீட்டுக்குள் வருவார். கோட்டைக் கழற்றி ஸ்வெட்டரை மாட்டுவார், ஜிப்பை இழுப்பார், உட்கார்ந்து ஷூவை மாற்றுவார். எதிலும் அவசரம் கிடையாது. கிரேயான் தொழிற்சாலையைக் காட்டும் பகுதியைத் தேடிப் பாருங்கள்: உருகிய மெழுகை அச்சில் ஊற்றுவதும், அது ஆறிக் குச்சி குச்சியாக வெளியே வருவதும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது!

நேரம் குறைவா? ஆஸ்திரேலியாவின் ‘புளூயி’ இருக்கிறது. ஒரு பகுதி சுமார் 7 நிமிடம்தான். நாய்க் குடும்பத்தின் கதை, பெற்றோரையும் சேர்த்தே நெகிழ வைக்கும்.

சரி, முக்கியமான விஷயம்: ஆட்டோபிளேயை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒன்று பத்தாகி, தூக்கம் போய்விடும். அப்புறம், புதிதாக எதையும் தேடாமல் ஏற்கெனவே பிடித்துப்போன பகுதியையே போடுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில்தான் பாதி நிம்மதி. திரை வெளிச்சத்தையும் ஒலியையும் குறைத்து, போனைக் கைக்கு எட்டாமல் வையுங்கள்.