எச்.ஐ.வி. சிகிச்சைப் பதிவேடு: வராமல் போனவரைக் கணக்கில் வைப்பது எப்படி

யாங்கோனில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஓர் ஏ.ஆர்.டி. கிளினிக்கின் பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைத் தொடரும் கோஹார்ட்டாக மாற்ற நினைக்கிறவர்கள் மருந்து, பரிசோதனை விவரங்களுக்கு முன் ஆள் அடையாளத்தைச் சரிசெய்ய வேண்டும்.

மியான்மர்த் தமிழரான நம்மவர் பலருக்குப் பெயர் இரண்டு. வீட்டில் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். பர்மியருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்லும் வயதோடு மாறும்: இளைஞராக ‘கோ’ என்று பதிவானவர் பின்னாளில் ‘ஊ’ ஆவார், ‘மா’ ‘டோ’ ஆவார். இதனால் ஒரே ஆள் பதிவேட்டில் இரண்டு பேராகிவிடுவார், ஒருவர் வராமல் போனவர், மற்றவர் புதிதாக வந்தவர். மரியாதைச் சொல்லை நீக்கிவிட்டு, இரண்டு பெயர்களையும் தந்தை பெயரையும் பிறந்த ஆண்டையும் ஒப்பிடுங்கள். பர்மிய ஆண்டைச் சொன்னால் 638 கூட்டுங்கள். ஜனவரிக்கும் சித்திரைப் பிறப்புக்கும் இடையில் பிறந்தவருக்கு 639. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1 என்று போட்டு, அது மதிப்பீடு என்று தனிக் கட்டத்தில் குறியுங்கள்.

தொடக்க விவரங்களில் சிகிச்சை தொடங்கிய தேதி, முன்பு எடுத்த மருந்து, சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), காசநோய், ஹெபடைடிஸ் பி ஆகியவை கட்டாயம். எச்.ஐ.வி. மருந்துகளான டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குகின்றன. அவற்றை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திரும்பத் தலைதூக்கலாம். உயரத்தையும் எடையையும் எண்ணாகவே எழுதுங்கள். ‘பருமன்’ என்று மட்டும் எழுதி வைத்தால், ஆசியர்களுக்கான பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) எல்லைகளை (23, 27.5) வைத்துப் பிறகு கணக்கிட முடியாது. டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தில் எடை கூடுவது உண்டு என்பதால் இந்தக் கணக்கு தேவைப்படும்.

வைரல் லோடு (ஒரு மி.லி. இரத்தத்தில் உள்ள வைரஸ் நகல்களின் எண்ணிக்கை) பரிசோதனை, சிகிச்சை தொடங்கிய 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. முடிவு வந்த தேதியை விட்டுவிட்டு, இரத்தம் எடுத்த தேதியை எழுதுங்கள். வைரஸ் தென்படவில்லை என்றால் பூஜ்யம் போடாமல், கருவியின் கீழ் எல்லையை ‘40க்குக் கீழ்’ என்பதுபோலக் குறியுங்கள். 1000க்கு மேல் போனால் மருந்து ஒழுங்காக எடுக்க ஆலோசனை சொல்லி, 3 மாதத்தில் மறுபரிசோதனை. சோதிக்காததற்கும் முடிவு வராததற்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும். சோதித்தவர்களில் எத்தனை பேருக்கு வைரஸ் அடங்கியது, சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு என்ற இரண்டு விகிதங்களையும் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு மருந்துக்கும் தொடங்கிய நாள், நிறுத்திய நாள், காரணம். பழைய மருந்தான எஃபாவிரென்ஸிலிருந்து டொலுடெக்ராவிருக்கு மாறியவர்களில் பெரும்பாலோர் திட்டத்தின்படி மாறியவர்கள்; அவர்களைச் சிகிச்சை தோற்றவர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுடன் டொலுடெக்ராவிர் 50 மி.கி. இருவேளை தருவதும் அளவு மாற்றம்தான், மருந்து மாற்றம் ஆகாது.

வராமல் போனவர்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. குறித்த நாளிலிருந்து 28 நாள் வராவிட்டால் வராமல் போனவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 12 மாதம் என்று வைக்கும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே பதிவேட்டில் ‘விட்டுவிட்டார்’ என்று எழுதாதீர்கள். கடைசியாக வந்த நாளும் அடுத்து வரவேண்டிய நாளும் இருந்தால், எந்த வரையறைக்கும் பின்னர் கணக்கிடலாம். அவர் இறந்திருக்கலாம், எல்லையிலுள்ள மியாவடி வழியாகத் தாய்லாந்தின் மே சோட்டுக்கு வேலைக்குப் போய் அங்கே மருந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். இறந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் மறைந்துகிடந்தால் இறப்பு விகிதம் குறைவாகத் தெரியும். எல்லோரையும் தேட ஆளில்லை என்றால் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, அவர்களை மட்டும் விடாமல் தேடி, தேர்ந்த ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதியோ அதற்கேற்ற எடை கொடுத்து, கிடைத்த முடிவை மொத்தத்துக்கும் கணக்கிடுங்கள். தேடலாமா, யாரிடம் கேட்கலாம் என்ற சம்மதத்தைச் சேர்க்கையின்போதே வாங்கி வையுங்கள். அதில்லாமல் வீட்டுக்குப் போனால், குடும்பத்துக்கே தெரியாத நோயைத் தெருவுக்குச் சொன்னதாகிவிடும்.

வெளியே போகும் கோப்பில் பெயர் இருக்கக் கூடாது. 2003இல் தொடங்கிய, ஆசிய நாடுகளின் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடரும் ட்ரீட் ஏஷியா கோஹார்ட்டும் குறியீட்டு எண்களைக் கொண்டுதான் பல நாட்டுத் தரவைச் சேர்க்கிறது. பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் கிளினிக்கிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.