பழைய ஃபெல்ட் தொப்பி: தேர்ந்தெடுப்பதும் வடிவம் திருத்துவதும்

நெய்யாமல், மயிரிழைகளை அழுத்தி ஆக்கிய துணிதான் ஃபெல்ட். பழைய ஃபெல்ட் தொப்பி கைக்குக் கிடைத்தால் அதன் நிறத்தையும் நாடாவையும் பார்ப்பதற்கு முன்பு, கவிழ்த்து உள்ளே பாருங்கள். நெற்றியைச் சுற்றி அமரும் தோல்பட்டைதான் அந்தத் தொப்பியின் ஆயுளைச் சொல்லும். ஃபெல்ட்டில் படிந்த அழுக்கைப் போக்கலாம், தலையை மூடும் மேல்கூடு நசுங்கியிருந்தால் நிமிர்த்தலாம், கிழிந்த நாடாவை மாற்றலாம். ஆனால் தோல்பட்டை சுருங்கிவிட்டால் அது தைக்கப்பட்டிருக்கும் ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்து, தொப்பியின் அளவையும் விளிம்பின் சமத்தையும் ஒருசேரக் கெடுத்துவிடும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைத் தொட்டே தரம் சொல்லும் கைகள் ஏராளமாக இருப்பதால், இந்த வேலையில் நம் வேலூர்ப் பகுதிக்காரர்களுக்கு மற்ற ஊராரைவிட வசதி அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

சோதிக்கும் முறை எளியது. பட்டையின் கீழோரத்தை விரலால் மெல்ல வெளியே மடக்குங்கள். நல்ல தோல் வளைந்து, விட்டவுடன் திரும்பும். உலர்ந்த தோல் அப்பளம்போல் விரிசல் விடும். பிறகு பட்டையின் உட்புறத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் மாவுபோல் ஒட்டினால் அந்தத் தோல் இழை இழையாகச் சிதைந்துவருகிறது என்று பொருள். தாவரப் பட்டையால் பதனிட்ட பழைய தோல்களுக்கு வரும் இந்த நோயை எந்த எண்ணெயும் ஆற்றாது. வியர்வைக் கறை இருந்தால் அஞ்ச வேண்டாம், அது பயன்பட்ட அடையாளம் மட்டுமே. கடைசியாக, பட்டை ஃபெல்ட்டோடு சேரும் தையலைச் சுற்றிலும் பாருங்கள். ஓரிடத்தில் நூல் விட்டிருந்தால் கையால் தைத்துவிடலாம். தையல் துளைகளே ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தால் பட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்ததாக ஃபெல்ட். முயல், காட்டுமுயல், பீவர் என்னும் நீர்வாழ் விலங்கு ஆகியவற்றின் மென்மயிரால் ஆனது ஒரு வகை, ஆட்டுக் கம்பளியால் ஆனது மற்றொரு வகை. இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் சூடு, ஈரம், அழுத்தம் ஆகிய மூன்றும் சேரும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் நெய்யாமலேயே துணிபோன்ற ஒரு பொருள் உருவாகிறது. மென்மயிர் ஃபெல்ட் மெல்லியதாக இருந்தும் உறுதியாக நிற்கும், மழையில் நனைந்தாலும் வடிவத்தைப் பெரும்பாலும் காக்கும். கம்பளி ஃபெல்ட் அதே உறுதிக்குத் தடிமனாக இருக்க வேண்டும், நனைந்தால் தொய்ந்து சுருங்கும். வாங்கும் முன் தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளிருந்து நோக்குங்கள். அந்துப்பூச்சி அரித்த துளைகள் ஊசிமுனை ஒளியாகத் தெரியும். முன்பக்கம் கிள்ளிப் பிடித்து எடுக்கும் இடத்தில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் வந்தால், பல ஆண்டுகள் அதே இடத்தில் விரல் பட்டு ஃபெல்ட் முறிந்திருக்கிறது. அதை ஒட்டி மறைக்கலாமே தவிரச் சரிசெய்ய முடியாது. வெள்ளைக்காரத் தொப்பி என்று சொல்லி நெட்டியால் செய்து துணி போர்த்திய சோலா தொப்பியையும் சிலர் விற்பார்கள். அதுவும் அழகான பொருள்தான், ஆனால் அது வேறு இனம். அதை ஆவியில் காட்டினால் உருக்குலைந்துவிடும்.

காலத்தைக் கணிக்க உள்ளே அச்சிட்ட முகவரி உதவும். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் அது 1963க்குப் பிற்பட்டது. இந்திய முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிற்பட்டது. அமெரிக்காவின் ஸ்டெட்சன் 1865இலும் இத்தாலியின் போர்சலினோ 1857இலும் தொடங்கிய தொப்பி நிறுவனங்கள் என்பதால் பெயரை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. அமெரிக்கத் தொப்பிகளில் ஃபெல்ட்டின் தரத்தைக் காட்ட இடும் எக்ஸ் (X) குறிகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஆகையால் அதற்காகக் கூடுதல் விலை தராதீர்கள். அளவு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. புருவத்துக்குச் சற்று மேலே காதைத் தொடாமல் தலையைச் சுற்றி அளந்து 57 சென்டிமீட்டர் வந்தால் பிரிட்டிஷ் அளவு 7, அமெரிக்க அளவு 7 1/8. எந்த நாட்டுத் தொப்பி என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சந்தேகம் இருந்தால் அரை சென்டிமீட்டர் பெரியதையே எடுங்கள். பட்டைக்குப் பின்னால் மடித்த காகிதம் செருகிக் குறைப்பது எளிது, பழைய தோலை இழுத்துப் பெரிதாக்குவது கிழிசலில் முடியும்.

ஜோலார்பேட்டை, அரக்கோணம் போன்ற ரயில்வே ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பழைய பெட்டிகளிலும், கோலார் தங்கவயல் பக்கத்து வீடுகளிலும், பழைய பொருள் வாங்கி விற்பவர்களிடமும் விசாரித்துப் பார்க்கலாம். தலையில் எதை வைப்பது என்பது வேலூரில் உயிர் போன விவகாரமும்கூட. தோல் சின்னம் பொருத்திய, ஐரோப்பியத் தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் மீது திணித்தது, 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் வெடித்த எழுச்சிக்கு ஒரு முக்கியக் காரணம்.

வடிவம் திருத்தத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. மயிரை ஃபெல்ட்டாக்கப் பக்குவப்படுத்துவதற்குப் பாதரச நைட்ரேட்டைப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் 1941 வரை நீடித்தது. அந்தக் காலத்துத் தொப்பிகளில் பாதரசம் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், மிகப் பழையதை மூடிய சமையலறையில் ஆவி காட்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. திறந்த முற்றத்தில், கையுறையோடு வேலை செய்யுங்கள்.

மென்மயிர்த் தூரிகையால் இழை படிந்திருக்கும் திசையிலேயே தூசியைத் தள்ளிவிட்டு, மூக்குள்ள கெட்டிலில் நீரைக் கொதிக்கவிடுங்கள். மேல்கூட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் ஆவிக்குக் காட்ட வேண்டும். உள்ளே ஆவி புகுந்தால் அது கூட்டுக்குள் தேங்கித் தோல்பட்டையைத் தாக்கும். குரோம் முறையில் பதனிட்ட தோல் கொதிநீரைக்கூடத் தாங்கும் என்றாலும், ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் அதற்கு வெகு முன்பே சுருங்கிவிடும் என்பதைத் தோல் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். பழைய தொப்பிகளில் இரண்டாம் வகையையே அதிகம் எதிர்பார்க்க வேண்டும். ஃபெல்ட் விரலுக்கு இளகியவுடன் உள்ளிருந்து தள்ளி, பழைய மடிப்புகள் அனைத்தும் போய் மேல்கூடு உருண்டையாகும்வரை நிமிர்த்துங்கள். பட்டையின் உட்புறத்தில் உள்ள சிறு முடிச்சு பின்பக்கத்தைக் காட்டும். ஆண்கள் தொப்பியில் வெளிநாடாவின் முடிச்சு இடப்பக்கம் வரும். திசையை உறுதிசெய்துகொண்டு, மீண்டும் சிறிது ஆவி காட்டி, உள்ளங்கையின் ஓரத்தால் முன்னிருந்து பின்னாக நடுப்பள்ளத்தை அழுத்துங்கள். முன்பக்கக் கிள்ளலை இரு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் இரு பக்கமும் ஒத்து வரும். ஒரே முயற்சியில் ஆழமாக அழுத்தாமல், சிறிது சிறிதாக ஆழப்படுத்துவதே நல்லது. விளிம்பு அலையலையாக இருந்தால் ஈரப் பருத்தித் துணியைப் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். முடித்தபின் தோல்பட்டையை வெளியே மடித்து, அதன் மேல் தொப்பி நிற்குமாறு நிழலில் வைத்தால் விளிம்பு தரையில் படாமல் உலரும்.

பட்டையை மாற்ற வேண்டியிருந்தால் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் லைனிங் தோலைக் கேளுங்கள். மெல்லிய செம்மறித் தோல் போதும், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். சாயம் கையில் ஒட்டுகிறதா என்று ஈரத்துணியால் தேய்த்துப் பார்க்காமல் வாங்கினால் முதல் வியர்வையிலேயே நெற்றி நிறம் மாறும். ஃபெல்ட்டில் படும் ஓரத்தை ஸ்கைவிங் செய்து, அதாவது சீவி மெலிதாக்கிக் கொடுக்கச் சொன்னால் தடிப்புத் தெரியாது. பழைய பட்டையைப் பிரிக்கும்போது நூலை மட்டும் வெட்டி, ஃபெல்ட்டில் உள்ள பழைய துளைகளிலேயே புதிய தையலைக் கையால் போடுங்கள். புதுத் துளைகள் ஃபெல்ட்டை அஞ்சல் தலையின் ஓரமாக்கிக் கிழிய வைக்கும்.

புதிதாகவே செய்ய விரும்புவோர் கூம்பு வடிவில் விற்கும் ஃபெல்ட்டை வாங்கி, தலை அளவுக்குத் தச்சரிடம் கடைந்த மரக்கட்டையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, நன்கு ஆவி ஏற்றிய ஃபெல்ட்டை அதன் மேல் இழுத்துக் கயிற்றால் கட்டி, முழுதாக உலரும்வரை கழற்றாமல் விட வேண்டும். விறைப்புக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை விளிம்பின் அடியில் மெல்லியதாகப் பூசலாம். பழையதைத் திருத்திக் கை பழகிய பிறகே இதில் இறங்குவது நல்லது.

வேலூர் வெயில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவதால் ஃபெல்ட் தொப்பியை மார்கழி, தை மாதங்களுக்கும் ஏலகிரிப் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய காருக்குள் விட்டால் ஒரே பிற்பகலில் பட்டை சுருங்கலாம். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் அது ஃபெல்ட்டில் ஊறிக் கறையாகும். ஐப்பசி மழையில் பூஞ்சணம் வராதிருக்கக் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், விளிம்பில் பாரம் விழாதவாறு மேல்கூடு கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். அந்துப்பூச்சி இருப்பதாகத் தோன்றினால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறைச்சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்காதீர்கள்.