பல சிக்கல்கள் ஒன்றாக உள்ளவரைச் சமூக ஆதரவுத் திட்டத்தில் சேர்ப்பது எப்படி

சர்க்கரை மட்டும் என்றால் ஒரு மருத்துவர் போதும். அதோடு சிறுநீரகக் கோளாறு, பக்கவாதத்துக்குப் பிறகு தூக்க முடியாத ஒரு கை, மனச்சோர்வு, பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாத வீடு எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுந்தால் யாரிடம் போவது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். என் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள், ஆனால் முழுக் கதையும் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. நான்காவதாக வந்தவரும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தபோது, "எத்தனை தடவைதாம்மா இதையே சொல்றது" என்று அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் செவிலியர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், தன்னார்வலர் எல்லோரையும் சேர்த்து நடத்தும் சமூக ஆதரவுத் திட்டங்கள் இருக்கின்றன. சேர்ப்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என்னென்ன சேவை தருவீர்கள் என்பது இல்லை. "இவருக்குப் பொறுப்பான ஒரே ஆள் யார், அவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள். "எங்கள் குழு பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் விடாமல் இன்னொரு தடவை கேளுங்கள். குழு என்றால் கடைசியில் யாருமில்லை என்று ஆகிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்து, அந்தப் பொறுப்பாளர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார்? 1970களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரில், கடுமையான மனநோய் உள்ளவர்களை மருத்துவமனைக்கு வெளியே, அவர்கள் வாழும் இடத்துக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பின்னால் பல நாடுகளுக்குப் பரவிய அந்த முறையில் ஒரு பணியாளருக்குச் சுமார் 10 பேர் என்பதுதான் கணக்கு. எல்லாத் திட்டமும் அப்படி இருக்காது, இருக்கவும் தேவையில்லை. ஆனால் ஒருவர் தலையில் நூறு பேர் என்றால், வீட்டுக்கு வருவார் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், தொலைபேசியில் பிடிப்பதே கஷ்டம்தான். இரவிலும் விடுமுறை நாளிலும் யாரை அழைப்பது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் சேர்த்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் கேம்டன் நகரில், அடிக்கடி மருத்துவமனையில் சேரும் 800 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். வீடு திரும்பியவர்களில் ஒரு பாதிப்பேருக்குச் செவிலியரும் சமூகப் பணியாளரும் அடங்கிய குழுவின் உதவி கிடைத்தது. 2020இல் முடிவு வெளியானபோது, ஆறு மாதத்துக்குள் மறுபடி மருத்துவமனைக்கு வந்தவர்களின் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 62 சதவீதம், வித்தியாசமே இல்லை. குழு மோசமான குழு இல்லை. ஆனால் வீடு திரும்பிய சில நாட்களுக்குள் நடக்க வேண்டிய முதல் சந்திப்புகள், திட்டமிட்ட நேரத்தில் நடந்தது 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான். அதனால் மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே முதல் சந்திப்புக்கு நாளும் நேரமும் வாங்கிவிடுங்கள். "நாங்களே கூப்பிடுகிறோம்" என்பதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, உங்கள் பக்கத்து வேலை. வருகிற ஒவ்வொருவரும் படிக்க, நீங்கள் சேர்ப்பவரைப் பற்றி ஒரே ஒரு தாள் எழுதுங்கள், ஒரு பக்கம்தான். வழக்கமாக இதில் நோய்களைத்தான் முதலில் எழுதுவார்கள். நான் அத்தையை எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும், எந்தக் காதில் பேசினால் கேட்கும், எது செய்தால் பயப்படுவார் என்பதை மேலே எழுதினேன். அதன் கீழே நோய்கள், ஒவ்வாமை, மருந்துகள், அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள். அப்புறம், பலரும் விட்டுவிடும் ஒன்று: அவருடைய சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று நான்கு வரி. அத்தை காலையில் தானே தலை வாரிக்கொள்வார். வாராமல் இரண்டு நாள் போனால் மனச்சோர்வு திரும்பி வருகிறது என்று அர்த்தம். புதிதாக வரும் செவிலியருக்கு அது எப்படித் தெரியும்? தாளின் மூலையில் தேதி போடுங்கள், பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள்.

மருந்துக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், தீர்ந்துபோன அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு மருந்தாளுநர் முன் கொட்டுங்கள். அத்தையின் பையில் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருந்தது. இரண்டு மருத்துவர்கள் எழுதியது, அவர் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு இந்த மாதிரி மோதல்கள் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியிலும், பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுவதும் சிகிச்சை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் நேரமும் முக்கியமான ஆபத்துகளாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள், சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து.

முதல் கூட்டத்தில் சம்பந்தப்பட்டவரையே பேச விடுங்கள். இதில் நானே தப்பு செய்தேன். சர்க்கரை அளவைக் குறைப்பதுதான் இலக்கு என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அந்தப் பணியாளர் என்னை நிறுத்திவிட்டு அத்தையிடம் கேட்டார். "மாடிப்படி இறங்கி வாசல்ல உட்காரணும்" என்றார் அத்தை. சரி, அதுவே இலக்கு ஆனது. படி இறங்கக் கால் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குத் தெம்பு வேண்டும், தெம்புக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். நான் கேட்டதும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஞாபகமறதியோ மனநோயோ இருந்தாலும், முடிவெடுக்க உதவி தர வேண்டுமே தவிர அவருக்குப் பதிலாக நாமே எடுத்துவிடக் கூடாது, 2006இன் ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் போக்கும் அதுதான். தன் விவரங்களை யாரிடம் பகிரலாம், யாரிடம் கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும். அத்தை ஒரு உறவினர் பெயரை அடிக்கச் சொன்னார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

பார்த்துக்கொள்பவரான உங்களுக்கு என்ன கிடைக்கும் என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். சில மணி நேரம் வேறொருவர் வந்து உட்கார்ந்திருக்கும் மாற்றுத் துணை ஏற்பாடு பல திட்டங்களில் உண்டு, கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கடைசியாக, பொறுப்பாளர் மாறுவார், அது நிச்சயம் நடக்கும். பழையவரும் புதியவரும் ஒரு தடவையாவது சேர்ந்து வீட்டுக்கு வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். எங்களுக்கு அப்படி வந்தார்கள். புதியவர் தாளைப் படித்துவிட்டு, அத்தையின் இடது காதுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.