ஸ்க்ரோல் சா: மிஷினைக் குறை சொல்லும் முன் பிளேடைப் பாருங்கள்

ஸ்க்ரோல் சா என்பது, மேசையின் துளை வழியாக மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவான வடிவங்களை அறுக்கும் மிஷின். அதை வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் துணி போட்டு மூடி வைத்துவிட்ட நான்கு பேரை எனக்குத் தெரியும். நான்கு பேரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். "மரம் குதிக்குது, பிளேடு உடையுது, கோட்டுல நிக்கவே மாட்டேங்குது. மிஷினே சரியில்ல." நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு மிஷின்களில் பிளேடு தலைகீழாக மாட்டியிருந்தது. மூன்றாவதில் பிளேடு கொடிக்கயிறு போலத் தொய்ந்திருந்தது. நான்காவது வீட்டில் ஒரே பிளேடை மூன்று வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான்கு மிஷின்களிலும் ஒரு கோளாறும் இல்லை.

தையல் மிஷினோடு பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நூல் அறுந்தாலோ தையல் விட்டுப்போனாலோ தையல்காரர் முதலில் ஊசியைத்தான் பார்ப்பார். ஸ்க்ரோல் சாவில் பிளேடுதான் ஊசி. அதைத் தேர்ந்தெடுப்பதிலும் மாட்டுவதிலும் இறுக்குவதிலும் தூக்கிப்போடுவதிலும் நடக்கும் தவறுகள்தான் பாதித் தொல்லைகளுக்குக் காரணம்.

பிளேடில் நடப்பவை

பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் மேல் விரலைக் கீழிருந்து மேலாக மெல்லத் தடவுங்கள். சொரசொரவென்று பிடிக்க வேண்டும். மேலிருந்து கீழே தடவினால் வழுக்க வேண்டும். மாறி இருந்தால் பிளேடு ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் மரத்தையும் கூடவே தூக்கும். மரம் படபடவென்று அடிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சில பிளேடுகளில் கீழ்முனையில் மட்டும் ஏழெட்டுப் பற்கள் மேல்நோக்கி இருக்கும். அடிப்பக்கம் சிலாம்பு எழாமல் இருப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பிளேடைப் பிடித்திருக்கும் மிஷினின் கை உச்சிக்கு ஏறி நிற்கும்போது இந்த எதிர்ப்பற்களில் இரண்டு அல்லது மூன்று மட்டும் மேசைக்கு மேலே தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் இந்தப் பிளேடும் மரத்தைத் தூக்கும். பிளேடின் கீழ்நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டு இறக்கி மாட்டினால் சரியாகிவிடும்.

பிளேடின் நீளம் 5 அங்குலம். பெரும்பாலான மிஷின்களில் இதுதான் அளவு. அகலமும் பல்லும்தான் எண்ணுக்கு எண் மாறும். 5-ம் எண் பிளேடு சுமார் 1 மி.மீ. அகலமும் 0.4 மி.மீ. கனமும் இருக்கும், முக்கால் அங்குலப் பலகை வரை நன்றாக அறுக்கும். புதிதாக ஆரம்பிப்பவர் இதை ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம். மெல்லிய பிளைவுட்டில் நுணுக்கமான வளைவுக்கு 2-ம் எண், ஒன்றரை அங்குல வைரம் பாய்ந்த தேக்குக்கு 9-ம் எண். 'சின்ன பிளேடு போட்டால் வேலை நேர்த்தியாக வரும்' என்று நினைத்துக் கனமான பலகையில் 2-ம் எண்ணைப் போடுகிறார்கள். அது வில்லாக வளைகிறது, மரத்தைக் கருக்குகிறது, கடைசியில் உடைகிறது.

ஒரு பிளேடு எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டால் பலர் வாரக்கணக்கில் எதிர்பார்க்கிறார்கள். கடினமான மரத்தில் கால் மணி நேரம், மென்மரத்தில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். பிளைவுட்டில் உள்ள பசை பல்லை இன்னும் சீக்கிரம் மழுக்கும். கை தன்னையறியாமல் கூடுதலாக அழுத்த ஆரம்பித்தால் பிளேடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே மாற்றுங்கள். 'இந்த ஒரு வளைவை மட்டும் முடித்துவிடுவோம்' என்று நினைத்து ஓட்டிய வளைவில்தான் என் வேலைகளில் பெரும்பாலானவை கெட்டிருக்கின்றன.

இறுக்கத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மிஷின் நிற்கும்போது பிளேடை நடுவில் விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். 3 மி.மீ.க்கு மேல் நகரக்கூடாது. வீணைத் தந்தியைப் போல மீட்டினால் 'டிங்' என்று தெளிவான ஒலி வர வேண்டும். 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் இறுக்கம் போதாது. தொய்ந்த பிளேடு கோட்டில் நிற்காது. அறுத்த முகமும் பீப்பாய் மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு வரும்.

சரியாக இறுக்கியும் பிளேடு நழுவி வெளியே வந்துகொண்டே இருக்கிறதா? புதுப் பிளேடுகளில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். இரு முனைகளையும் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்து மாட்டுங்கள். பிடிப்பு ஸ்க்ரூவின் முகம் தேய்ந்து பளபளப்பாகியிருந்தால் அதையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். இதைச் செய்யாமல் குறட்டை வைத்து ஸ்க்ரூவை முறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

வாங்கும்போதே செய்துவிடும் தவறு

பிளேடின் இரு முனையிலும் குறுக்காக ஒரு சிறு பின் வைத்தவை ஒரு வகை, பின் இல்லாதவை இன்னொரு வகை. மலிவான சில மிஷின்கள் பின் வைத்த பிளேடை மட்டுமே ஏற்கும். மாட்டுவதற்கு அது சுலபம். ஆனால் பலகையின் நடுவில் ஒரு வடிவத்தை வெட்டியெடுக்க, துளை போட்டு அதற்குள் பிளேடை நுழைத்தாக வேண்டும். பின் நுழைய நாலைந்து மி.மீ. துளை தேவை, பின் இல்லாத பிளேடுக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ. போதும். ஜாலி வேலை, அதாவது பலகையில் துளைத்துளையாக வெட்டும் சல்லடை அலங்காரம், செய்யும் ஆசையில் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசமே எல்லாம். வாங்கும் முன் 'பின் இல்லாத பிளேடு போடலாமா' என்று கேளுங்கள். வேறு எதைக் கேட்க மறந்தாலும் பரவாயில்லை.

மிஷினைச் சாப்பாட்டு மேசை மேல் சும்மா தூக்கி வைத்து ஓட்டாதீர்கள். அதிர்வில் மேசையே மேளமாகிவிடும். கனமான பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கி, இடையில் ரப்பர் ஷீட் வையுங்கள். கடலோர ஊர்களில் மிஷினின் இரும்பு மேசை ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். மாதம் ஒருமுறை மெழுகு தேய்த்தால் துருவும் வராது, மரமும் வழுக்கிக்கொண்டு நகரும்.

தள்ளாதீர்கள், திருப்புங்கள்

பட்டறை ரம்பத்தில் பழகிய கை மரத்தை நேராக முன்னால் தள்ளும். இங்கே அது வேலைக்கு ஆகாது. பெரும்பாலான பிளேடுகளில் பல் வெட்டும்போது ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாக அறுக்கும். அதனால் நேராகத் தள்ளினாலும் வெட்டு கோட்டை விட்டு ஒதுங்கும், பெரும்பாலும் வலப்பக்கமாக. இது மிஷினின் கோளாறு இல்லை, பிளேடின் சுபாவம். ஒரு கழிவுப் பலகையில் நேர்கோடு போட்டு, எந்தச் சாய்வில் தள்ளினால் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, கையை அந்தச் சாய்வுக்குப் பழக்குங்கள். நேர்வெட்டுக்காக மேசையில் ஒரு சட்டத்தைக் கட்டி அதையொட்டித் தள்ளுபவர்களுக்குப் பிளேடு உடைவதுதான் மிச்சம்.

கூர்மையான மூலையில் முன்னேறுவதை நிறுத்துங்கள். பிளேடின் முதுகு மரத்தில் லேசாகப் படும்படி பிடித்துக்கொண்டு மரத்தை அங்கேயே சட்டென்று சுழற்றுங்கள். சுழலும்போது பல்லின் பக்கம் அழுத்தம் விழுந்தால் மூலை உருண்டுவிடும். கன வேகத்தில் ஓட்டினால் ஈட்டி (ரோஸ்வுட்) மாதிரி இறுகிய மரம் கருகும். வேகத்தைக் குறைத்து, வடிவத்தின் மேல் பார்சல் ஒட்டும் டேப்பை ஒரு பட்டை ஒட்டிவிட்டு அறுத்துப் பாருங்கள். கருகல் நன்றாகவே குறையும்.

விரல் பிளேடுக்கு நேர் எதிரே ஒருபோதும் இருக்கக் கூடாது. பெரிய ரம்பத்தைப் போல இது விரலைத் துண்டிக்காது என்ற தைரியத்தில் அசட்டையாக இருக்கிறோம். நகத்தோடு சேர்த்துக் கிழிக்க இதற்கு ஒரு விநாடி போதும். கையுறை வேண்டாம், துப்பட்டாவும் தொங்கும் சட்டைக் கையும் வேண்டாம்.

மேசை மட்டமா?

மேசைக்கு அடியில் இருக்கும் டிகிரி அளவுகோலில் முள் சுழியத்தில் நிற்கிறது என்பதால் மேசை செங்கோணத்தில் இருக்கிறது என்று நம்பாதீர்கள். ஒன்றரை அங்குலக் கட்டையில் ஓரமாக ஒரு சிறு வெட்டு போடுங்கள். மிஷினை நிறுத்தி, கட்டையைச் சுற்றிக்கொண்டுபோய்ப் பிளேடின் பின்புறத்திலிருந்து அதே வெட்டுக்குள் நுழையுங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மட்டம் சரி. மேலேயோ கீழேயோ தட்டினால் மேசை சாய்ந்திருக்கிறது.

ஜிக்சா புதிர்த் துண்டுகள் செய்பவர்களுக்கு இது உயிர்நாடி. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி மரப்பலகையில் ஒட்டிய வரைபடங்களை எல்லைக்கோடுகள் வழியாக அறுத்து விற்றார். அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதில்லை, அருகருகே வைப்பவை. இன்று நாம் செய்யும் குமிழ் வைத்த துண்டுகள் மேசை ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் மேலிருந்து மட்டும் நுழையும், அல்லது கீழிருந்து மட்டும். குழந்தை அதோடு மல்லுக்கட்டும்.

பதிப்பு வேலையில், அதாவது ஒரு மரத்துக்குள் இன்னொரு மரத்தைப் பதிப்பதில், அதே சாய்வை வேண்டுமென்றே வைக்கிறோம். இரண்டு மரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, மேசையைக் கொஞ்சம் சாய்த்து ஒரே வெட்டாக அறுத்தால், ஒன்றின் துண்டு மற்றொன்றின் பள்ளத்தில் இடைவெளி இல்லாமல் உட்காரும். எத்தனை டிகிரி என்பதில்தான் தவறு நடக்கிறது. யாரோ சொன்ன எண்ணை எல்லாப் பலகைக்கும் வைக்கிறார்கள். அது மரத்தின் கனத்தையும் வெட்டின் அகலத்தையும் பொறுத்தது. வெட்டு 0.4 மி.மீ. என்றால் 6 மி.மீ. பலகைக்கு நாலு டிகிரிக்குச் சற்றுக் குறைவு, 3 மி.மீ. பலகைக்கு ஏழே முக்கால் டிகிரி வரை வேண்டும். கழிவுத் துண்டில் ஒரு வட்டத்தை வெட்டிப் பார்த்துவிட்டு நல்ல மரத்தைத் தொடுங்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை

நம்மில் பலருடைய முதல் ஆசை வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை. எனக்கும் அதுதான். 'அன்பு இல்லம்' என்று 6 மி.மீ. பிளைவுட்டில் எழுத்துகளைத் துளையாக வெட்டினேன். 'ம'வின் அடைபட்ட வயிறு தனியாகக் கழன்று விழுந்தது. 'அ'வின் சுழியும் போயிற்று. ப, ட, ர போன்ற எழுத்துகளில் அடைபட்ட இடமே இல்லை. ஆனால் க, ம, அ என்று வந்தால் உள்ளே ஒரு தீவு இருக்கும். துளையாக வெட்டுவதென்றால் அந்தத் தீவைப் பலகையோடு இணைக்க 2 மி.மீ. பாலம் வரையும்போதே விட வேண்டும்.

எழுத்தையே தனித்தனியாக வெட்டி ஒட்டுவதென்றால் சிக்கல் புள்ளியில் வரும். ன், ல், ம் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு அளவு ஒரு துண்டு. அது மேசையின் துளை வழியாக மரத்தூளுக்குள் விழுந்துவிடும். ஒரு மெல்லிய பிளைவுட் துண்டில் பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் துளை போட்டு மேசை மேல் டேப்பால் ஒட்டிக்கொண்டால் எதுவும் விழாது. பிளைவுட் இல்லாமல் முழு மரத்தில் வெட்டினால் மரத்தின் ரேகையையும் பாருங்கள். 'ர'வின் கீழ்க்கால் போன்ற மெல்லிய நீட்டம் ரேகையின் குறுக்கே விழுந்தால் உப்புத்தாள் தேய்க்கும்போதே ஒடியும்.

எப்போதும் உள்வெட்டுகளை முதலில் முடியுங்கள், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள மரம் இருக்காது. வடிவத்தாளை ஃபெவிகால் போட்டு நேராக மரத்தில் ஒட்டாதீர்கள்; சுரண்டியே வேலை கெடும். முதலில் மாஸ்கிங் டேப், அதன் மேல் தாள். பிரிண்ட் எடுக்கும்போது 'தாளுக்கு ஏற்பச் சுருக்கு' என்பதை அணைத்துவிடுங்கள்.

இரு பக்கமும் வெட்டி முப்பரிமாணமாகச் செய்யும் சதுரங்கக் காய்களில் ஒரே ஒரு தவறுதான், ஆனால் எல்லோரும் செய்வது: முதல் பக்கம் அறுத்ததும் கழிவை உருவி எறிந்துவிடுவது. இரண்டாம் பக்கத்தின் வடிவம் அந்தக் கழிவின் மேல்தான் இருக்கிறது. எல்லாத் துண்டையும் திரும்பச் சேர்த்து டேப் சுற்றிவிட்டுத்தான் கட்டையைத் திருப்ப வேண்டும்.

மரமும் தூளும்

மரவாடியில் வாங்கியதை அன்றே அறுக்காதீர்கள். சித்திரையில் அளவாக உட்கார்ந்த துண்டுகள் ஐப்பசி அடைமழையில் ஊறி இறுகும். குறைந்தது சில வாரமாவது வேலை செய்யும் அறையிலேயே காற்றாட அடுக்கி வையுங்கள்.

தூளைப் பற்றி நான் கறாராகவே சொல்வேன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொண்டுவரும். மிஷினில் உள்ள ஊதுகுழல் தூளைக் கோட்டின் மேலிருந்து விலக்குகிறது. விலக்கி அறைக்குள் பரப்பத்தான் செய்கிறது. என்95 முகக்கவசம் போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுப்பதானால் வெளி வராந்தாவில் வைத்து அறுங்கள்.

ஜாலி வேலைக்கு வார்னிஷைப் பிரஷால் பூசினால் ஒவ்வொரு துளையிலும் வழிந்து கட்டிக்கொள்ளும். ஒரு தட்டில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிப் பலகையை முழுதாக முக்கி எடுத்து, துணியால் ஒற்றி, நிமிர்த்திக் காயவிடுங்கள். ஒற்றிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவையுங்கள். என் இரண்டாவது 'அன்பு இல்லம்' அப்படித்தான் எண்ணெயில் முங்கி, இரண்டு நாள் காய்ந்து, வாசலுக்குப் போனது. 'ம'வின் வயிற்றில் விட்ட பாலம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.