நிரம்பிய பீப்பாயும் வழிந்தோடிய மழைநீரும்

கூரையிலிருந்து இறங்கும் மழைநீர், வாசலில் சிந்திய எண்ணெயையும் மண்ணையும் உரத்தையும் அள்ளிக்கொண்டு வடிகால் வழியே நீர்நிலையில் கலப்பதைத் தடுக்க வேண்டும் என்றே, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் கூரைக் குழாயின் கீழ் வைத்தேன். இரண்டாவது மழையிலேயே அது பயனற்றுப் போனது. முந்தைய மழையின் நீர் அப்படியே நின்றதால், புதிய நீர் முழுவதும் வழிந்து பழைய பாதையிலேயே ஓடியது. கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் சேரும், அந்தக் குழாய்க்கு வரும் கூரைப் பரப்பு 50 சதுர மீட்டர் என்பதால், காலியான பீப்பாயும்கூட 4 மில்லிமீட்டர் மழைக்கே நிரம்பிவிடும்.

ஆகவே, பீப்பாயின் அடியில் உள்ள குழாயைச் சற்றே திறந்துவைத்து, ஓரிரு நாளில் நீர் செடிகளின் வேருக்குக் கசிந்து இறங்கும்படி செய்தேன். நிரம்பி வழியும் நீர் வெளியேற மேல்விளிம்புக்குக் கீழே பொருத்திய குழாயை, சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, தாழ்வாகத் தோண்டிச் செடிகள் நட்ட பாத்திக்குத் திருப்பினேன். உண்மையில் பீப்பாயைவிட இந்தப் பாத்தியே அதிக நீரை ஏற்றுக்கொள்கிறது என்பதையும், வாசலில் ஓடும் கலங்கல் நீர் வெகுவாகக் குறைந்திருப்பதையும் மனநிறைவோடு காண்கிறேன். கொசு புகாதபடி மூடிக்கு நுண்வலை கட்டியிருக்கிறேன். கூரைநீரில் பறவை எச்சம் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துவதில்லை.