பெட்ரோல் விலை ஏறினா யாரைத் திட்டணும்னு எப்படி கண்டுபிடிக்கிறது

பெட்ரோல் விலை ஏறின அன்னிக்கே சண்டை ஆரம்பிச்சிடும். ஒருத்தர் ஆட்சியில இருக்கறவங்களைத் திட்டுவாரு, இன்னொருத்தர் எண்ணெய் கம்பெனிங்க கொள்ளையடிக்குதும்பாரு, மூணாவது ஆளு அரபு நாடுங்க மேல பழிய போடுவாரு. பாத்தீங்கன்னா விலை ஏறுறதுக்கு முன்னாடியே அவங்கவங்க யாரைத் திட்டிட்டு இருந்தாங்களோ அவங்கதான் இப்பவும் குத்தவாளி. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா தப்பான ஆளைப் பிடிச்சு நாம கத்திட்டு இருக்கும்போது நிஜமாவே பதில் சொல்ல வேண்டிய ஆளு நிம்மதியா இருந்துடறாரு. இதைக் கண்டுபிடிக்க பொருளாதாரம் படிச்சிருக்கணும்னு இல்ல, கொஞ்சம் பொறுமையும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

மொதல்ல விலையை நாலா பிரிங்க. க்ரூட் ஆயில், அதாவது கச்சா எண்ணெயோட விலை, அதை ரிஃபைனரில பெட்ரோலா மாத்துற செலவும் லாபமும், பங்க் வரைக்கும் கொண்டு வந்து விக்கிற செலவு, அப்புறம் டேக்ஸ். நிறைய நாட்டுல அரசாங்கமே இந்த கணக்கை வெளியிடுது, அமெரிக்காவுல எனர்ஜி இன்ஃபர்மேஷன் அட்மினிஸ்ட்ரேஷன்னு ஒரு அமைப்பு மாசா மாசம் போடுது, அங்க சாதாரணமா பாதி விலை க்ரூடுக்கே போயிடும், ஐரோப்பாவுல பல நாட்டுல பாதிக்கிட்ட டேக்ஸா இருக்கும்.

இங்கதான் முக்கால்வாசி பேரு சறுக்குறாங்க. விலை ஏன் இவ்ளோ இருக்குங்கறது ஒரு கேள்வி, விலை ஏன் இப்ப ஏறிச்சுங்கறது வேற கேள்வி. டேக்ஸ் அதிகமா இருக்கற நாட்டுல விலை எப்பவுமே அதிகம்தான், அது சரி, ஆனா போன மாசம் இருந்த அதே டேக்ஸ்தான் இந்த மாசமும்னா, இந்த மாச ஏத்தத்துக்கு அது காரணமா இருக்க முடியாது. அமெரிக்காவுல மத்திய அரசோட பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 18.4 சென்ட், 1993லேர்ந்து மாறவே இல்ல, அதுக்கப்புறம் அங்க விலை எத்தனையோ தடவை ஏறி இறங்கியாச்சு. அதனால யாராவது வாதத்துக்கு வந்தா மொதல்ல இதைக் கேளுங்க: நீங்க விலையோட அளவைப் பத்தி பேசறீங்களா, ஏத்தத்தைப் பத்தி பேசறீங்களா? பாதி சண்டை அங்கயே அடங்கிடும்.

அடுத்து ஒரு சின்ன கணக்கு. ஒரு பேரல்னா 42 கேலன், கிட்டத்தட்ட 159 லிட்டர். அப்போ க்ரூட் பேரலுக்கு 1 டாலர் ஏறினா பெட்ரோல் கேலனுக்கு ஏறக்குறைய 2.4 சென்ட் ஏறணும், லிட்டர் கணக்குல 0.6 சென்டுக்கு கொஞ்சம் மேல. க்ரூட் 40 டாலர் ஏறியிருக்குன்னா கேலனுக்கு ஒரு டாலருக்குக் கொஞ்சம் கம்மியா ஏறினா நியாயம். உங்க பங்க்ல ஏறினது இந்த கணக்கோட ஒத்துப் போச்சுன்னா க்ரூட்தான் காரணம், ஒத்துப் போகலன்னா மீதி மூணுல தேடணும். உங்க நாட்டுல டாலர் இல்லன்னா டாலர் மதிப்பையும் சேத்துப் பாக்கணும், க்ரூட் டாலர்லதான் விக்குது, க்ரூட் அசையாம இருந்தாலும் உங்க பணம் விழுந்தா விலை ஏறும்.

இந்த கணக்கு எவ்ளோ உதவும்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2008 ஜூலைல க்ரூட் பேரல் 147 டாலரைத் தொட்டுச்சு, அப்போ அமெரிக்காவுல பெட்ரோல் சராசரி விலை கேலனுக்கு 4 டாலருக்குக் கொஞ்சம் மேல. 2022 ஜூன்ல க்ரூட் 120 டாலர் பக்கம்தான் இருந்துச்சு, ஆனா பெட்ரோல் 5 டாலரைத் தாண்டிடுச்சு. க்ரூட் கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி, எப்படி? நடுவுல இருக்கற ரிஃபைனரியைப் பாக்கணும். 2020ல கொரோனா வந்து யாரும் வண்டி எடுக்காதப்ப பல ரிஃபைனரிங்களை மூடிட்டாங்க, ரெண்டு வருஷத்துல வண்டியெல்லாம் திரும்பி ரோட்டுக்கு வந்துடுச்சு, மூடின ரிஃபைனரி திரும்பி வரல, அதோட உக்ரைன் போரால ரஷ்யாவுலேர்ந்து வந்த டீசல் மாதிரி சரக்குக்கும் சிக்கல் வந்துடுச்சு. மிச்சம் இருந்த ரிஃபைனரிங்களுக்கு நல்ல லாபம். அன்னிக்கு க்ரூடை மட்டும் பாத்து பேசினவங்களுக்கும் டேக்ஸை மட்டும் பாத்து பேசினவங்களுக்கும் கதையில பாதிதான் தெரிஞ்சிருக்கும்.

சரி, கணக்குப் போட்டதுல க்ரூட்தான்னு வந்துடுச்சு, அப்போ க்ரூடை ஏத்தினது யாரு? உலகம் ஒரு நாளைக்கு சுமாரா 10 கோடி பேரல் குடிக்குது. அதுல ஒண்ணு ரெண்டு சதவீதம் குறைஞ்சாலே விலை எகிறும், ஏன்னா நாளைக்கு வேலைக்குப் போறவங்க வண்டியை விட்டுட்டா போவாங்க? இதோட மறுபக்கம்தான் 2020 ஏப்ரல் 20, வாங்க ஆளில்லாம, வெக்க இடமில்லாம அமெரிக்க க்ரூட் விலை ஒரு நாள் மைனஸ் 37 டாலர் வரைக்கும் போச்சு. அந்த மாசமே ஒபெக்ங்கற எண்ணெய் ஏற்றுமதி நாடுகளோட கூட்டமைப்பும் ரஷ்யாவும் சேந்து ஒரு நாளைக்கு 97 லட்சம் பேரல் உற்பத்தியைக் குறைக்க ஒத்துக்கிட்டாங்க. அதனால ஒபெக் மேல பழி சொல்றவங்க சும்மா சொல்லல, ஆனா எந்த தேதியில என்ன குறைச்சாங்கன்னு பாத்துட்டு சொல்லணும்.

ஒரு நாட்டை ஆள்றவர் கையில என்ன இருக்குன்னா, டேக்ஸ் இருக்கு, மானியம் இருக்கு, அவசர கையிருப்பு இருக்கு, போர், பொருளாதாரத் தடை மாதிரி முடிவு இருக்கு. துளையிட லைசென்ஸ் குடுக்கறதும் இருக்கு, ஆனா அது எண்ணெயா வெளிய வர வருஷக்கணக்காகும். கனடாவுலேர்ந்து அமெரிக்காவுக்கு க்ரூட் கொண்டு வர திட்டம் போட்ட கீஸ்டோன் எக்ஸ்எல் பைப்லைனுக்கு 2021 ஜனவரில அனுமதியை ரத்து பண்ணதாலதான் அமெரிக்காவுல விலை ஏறிச்சுன்னு நிறைய பேர் பேசினாங்க, அந்த பைப்லைன் கட்டியே முடிக்கல, ஓடாத எண்ணெய் எப்படி குறையும். அதே நேரம் மறுபக்கத்தையும் சொல்லணும், 2022ல பைடன் அரசு கையிருப்புலேர்ந்து 18 கோடி பேரல் விடறதா அறிவிச்சப்போ பெரிய விஷயமா பேசினாங்க, உலகத்துக்கு அது ரெண்டு நாளைக்குக்கூட வராது. பிரயோஜனமே இல்லன்னு சொல்லல, ஆறு மாசத்துக்கு, ஒரு நாளைக்கு 10 லட்சம் பேரல்னா ஒரு சதவீதம், முன்ன சொன்ன மாதிரி ஒரு சதவீதத்துக்கும் மதிப்பு உண்டு.

இதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு, பக்கத்து நாடுங்களைப் பாருங்க. எல்லா இடத்துலயும் ஒரே வாரத்துல ஏறியிருந்தா உங்க ஆட்சியாளர் மட்டும் காரணமா இருக்க முடியாது. உங்க ஊர்ல மட்டும்னா அவர்தான் பதில் சொல்லணும்.

கம்பெனிங்க விஷயத்துக்கு வருவோம். பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க, அந்த ஆசை எப்பவும் அதே அளவுதான் இருக்கு, வாய்ப்புதான் மாறுது. எக்ஸான்மொபில்ங்கற அமெரிக்க எண்ணெய் கம்பெனி 2020ல 2,200 கோடி டாலருக்கு மேல நஷ்டம் காட்டுச்சு, 2022ல 5,500 கோடி டாலருக்கு மேல லாபம், ரெண்டு வருஷத்துல அவங்க குணமா மாறிச்சு? அதுக்காக அவங்களை விட்டுடணும்னு இல்ல. போரால தானா வந்த லாபத்துக்கு தனி வரி போடணுமான்னு கேக்கறது நல்ல கேள்வி, பிரிட்டன் 2022ல போட்டுச்சு. இன்னொண்ணு, க்ரூட் ஏறினா பங்க் விலை ராக்கெட் மாதிரி ஏறும், க்ரூட் இறங்கினா இறகு மாதிரி மெதுவா இறங்கும், பொருளாதார ஆளுங்களே இதுக்கு ராக்கெட்டும் இறகும்னு பேரு வெச்சிருக்காங்க. க்ரூட் இறங்கின தேதியையும் பங்க்ல இறங்கின தேதியையும் குறிச்சு வெச்சுக்கிட்டு பேசுங்க, ரெண்டுக்கும் நடுவுல போன வாரங்கள்ல நீங்க கூடுதலா குடுத்த காசுக்கு கேள்வி கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

பங்க்ல பெட்ரோல் போடுற பையனை மட்டும் தயவுசெஞ்சு திட்டாதீங்க. விலையை அவர் வெக்கல. ஓனருக்கே லிட்டருக்குக் கிடைக்கறது கொஞ்சம்தான், அடுத்த லோடு என்ன விலைக்கு வரும்னு பாத்துதான் அவரும் விக்க வேண்டியிருக்கு.

யாராவது கிராஃப் காட்டி பேசினா அது எந்த தேதியில ஆரம்பிக்குதுன்னு பாருங்க. 2020 ஏப்ரல்லேர்ந்து ஆரம்பிச்சா எந்த ஆட்சியும் மோசமாத்தான் தெரியும், உலகமே வீட்டுக்குள்ள இருந்த மாசம் அது. விலை இறங்கும்போதும் இதே கணக்கைப் போடுங்க. 2014 ஜூன்ல 100 டாலருக்கு மேல இருந்த க்ரூட் 2016 ஜனவரில 30க்குக் கீழ வந்துச்சு, அமெரிக்காவுல பாறையை உடைச்சு எடுக்கற ஷேல் எண்ணெய் பெருகினதும் ஒபெக் உற்பத்தியைக் குறைக்க மாட்டேன்னதும் காரணம், அந்த சமயத்துல சில அரசாங்கங்க வரியை ஏத்தி அந்த குறைவை மக்கள்கிட்ட வராம எடுத்துக்கிட்டாங்க. பங்க் விலை ஏறலங்கறதால அப்போ பெருசா யாரும் கேள்வி கேக்கல.